பறவைகளைக் காக்கும் பணம்



தென்கிழக்காசிய நகரங்கள் பலவற்றில் நாம் காணக்கூடிய ஒரு காட்சியிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குவோம். வழிபாட்டுத் தலத்தின் வாசலில் ஒருவர் கூண்டோடு நிற்கிறார். உள்ளே பத்துப் பதினைந்து சிறு குருவிகள். புண்ணியம் தேட வந்த ஒருவர் சில வெள்ளிகளைக் கொடுத்து, கூண்டைத் திறந்து, அவற்றைப் பறக்க விடுகிறார். குருவிகள் சிறகடித்து மேலே போகின்றன. கொடுத்தவர் மனம் குளிர்கிறது. பார்த்த நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் கொடுத்த பணம் எங்கே போகிறது? குருவி பிடிப்பவரின் கைக்குத்தான். இன்றைக்குப் பத்துக் குருவி விலைபோனால், நாளைக்கு அவர் இருபது பிடிக்க வேண்டும். பிடிக்கும்போதே வலையில் சில சாகின்றன. கூண்டில் சில சாகின்றன. நாம் விட்டதற்குமேல் நம் பணத்தாலேயே பிடிபடுகின்றன. நோக்கம் நல்லது, பணமும் நல்ல பணம். ஆனாலும் பறவைக்கு வந்து சேர்ந்தது கேடு.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் முன்னோர் சொன்னார்கள். பறவைகளைக் காப்பதற்கென்று உலகில் செலவாகும் பணத்துக்கும் அந்தப் பழமொழி பொருந்தும். எந்தப் பணம் பறவையைக் காத்தது, எந்தப் பணம் விழலுக்கு இறைத்த நீராயிற்று, ஏன் அப்படி ஆயிற்று என்பதைத்தான் இன்று சிறிது எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் மொத்தக் கணக்கு. அழியும் நிலையிலுள்ள உலகப் பறவையினங்கள் அனைத்தின் நிலையையும் ஒரு படியாவது உயர்த்துவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? 2012-ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. பத்தாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 88 கோடி முதல் 123 கோடி அமெரிக்க டாலர் வரை தேவைப்படும் என்றது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் உலகம் முழுவதற்குமான தொகை அது. இவ்வளவு தேவைப்படும் இடத்தில் கிடைத்து வந்தது 100-க்கு 12 பங்கு மட்டுமே என்றும் அந்த ஆய்வு கூறியது.

நூறு வெள்ளி வேண்டிய வீட்டில் பன்னிரண்டு வெள்ளிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தரசி என்ன செய்வாள்? எது முதலில், எது பிறகு என்று எண்ணி எண்ணித்தானே செலவு செய்வாள்? பறவைகளின் வீட்டிலும் அதே நிலைமைதான். பணம் குறைவு என்பதனால்தான் அது போய்ச் சேரும் இடம் சரியாக இருக்க வேண்டியிருக்கிறது.

‘செலவு செய்து பயனுண்டா? அழிவதை யாரால் தடுக்க முடியும்?’ என்று கேட்பவர்களும் உண்டு. பயன் உண்டு. 1993-ஆம் ஆண்டுக்குப் பிறகு, காப்பு முயற்சிகள் நடந்திராவிட்டால் 21 முதல் 32 வரையிலான பறவையினங்கள் முற்றாக அழிந்திருக்கும் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பறவைகளைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எப்படிக் காத்தால் பயன் தரும் என்பதே இனி நம் முன்னுள்ள கேள்வி.

பினாங்குக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. நிபோங் திபாலைத் தாண்டி, பாரிட் புந்தார் வழியாகப் பேராக் கடற்கரையை நோக்கிப் போனால் கோலா கூலா என்னும் மீனவர் ஊர் வரும். மாத்தாங் என்ற புகழ்பெற்ற பாக்காவ் காடுகள் அங்கிருந்துதான் தெற்கே விரிகின்றன. சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள காடு அது. கோலா செப்பெத்தாங் கரி அடுப்புகளுக்கு மரம் போவது அந்தக் காட்டிலிருந்துதான்.

அந்தக் கரையில் ஒரு காலத்தில் பால்நிற நாரைகள் நிறைய இருந்தன. வெள்ளை உடல், கருஞ்சிறகு, மஞ்சள் அலகு, சிவந்த முகம். நிற்கும்போது ஏறக்குறைய நம் இடுப்பளவு உயரம் இருக்கும். 1980-களின் நடுவில் நூற்றுக்குமேல் எண்ணப்பட்ட இந்த நாரைகள், 2005 வாக்கில் பத்துக்கும் குறைந்துபோயின. ஒரு தலைமுறைக்குள் இத்தனை வீழ்ச்சி!

இதைக் கண்டு யாரும் சும்மா இருக்கவில்லை. கோலாலம்பூர் தேசிய விலங்கியல் பூங்காவில் 1987 முதலே இந்த நாரைகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் பணி நடந்தது. பறவைகள் நன்றாகவே இனம் பெருக்கின. 2007 முதல் வனவிலங்குத் துறையினர் அவற்றில் சிலவற்றைக் கோலா கூலாவுக்குக் கொண்டுபோய், பெரிய வலைக்கூண்டில் பழக்கி, பிறகு திறந்துவிட்டார்கள். உழைப்புக்குக் குறைவில்லை. பணமும் செலவாயிற்று. ஆனால் பழைய நாரைக் கூட்டம் இன்னும் அந்தக் கரைக்குத் திரும்பிவிடவில்லை.

காரணம் என்ன? நாரை ஏன் குறைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கூடு கட்ட அதற்கு உயர்ந்து முதிர்ந்த மரங்கள் வேண்டும். விறகுக்கும் கரிக்குமாக முப்பதாண்டுச் சுழற்சியில் வெட்டப்படும் காட்டில் அத்தகைய மரம் அரிது. இரை தேடுவதற்கு ஆழமில்லாத, மனித நடமாட்டம் குறைந்த நீர்நிலைகள் வேண்டும். அவையும் சுருங்கின. முட்டைக்கும் குஞ்சுக்கும் திருடர் ஒரு பக்கம், வேட்டையாடும் உயிரினங்கள் ஒரு பக்கம். நாரையைக் குறைத்த இந்தக் காரணங்கள் கரையிலேயே இருக்கின்றன. நாமோ நகரத்துக் கூண்டில் நாரையை வளர்த்துக் கரைக்கு அனுப்புகிறோம். பானையில் ஓட்டை இருக்கும்போது குடம் குடமாக நீர் ஊற்றுவதைப் போன்றது இது. ஊற்றுபவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊற்றாமல் இருந்தால் பானை எப்போதோ காய்ந்திருக்கும். ஆனால் ஓட்டையை அடைப்பவரும் கூடவே வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. பால்நிற நாரைக்கு நெருங்கிய உறவான சங்குவளை நாரை இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. வேடந்தாங்கல் சென்று வந்தவர்கள் அதைப் பார்த்திருக்கலாம். அந்த நாரையும் இங்குள்ள பூங்காக்களில் சுதந்திரமாகப் பறக்க விடப்பட்டிருந்ததால், இரண்டும் கலந்து கலப்புக் குஞ்சுகள் பிறந்துவிட்டன. இனத்தைக் காக்க வளர்த்த இடத்திலேயே இனத் தூய்மைக்கு ஊறு வந்துவிட்டது. வளர்ப்பது எளிது, பிசகில்லாமல் வளர்ப்பது கடினம்.

அப்படியானால் கூண்டில் வளர்த்துப் பெருக்குவது வீண் வேலையா? இல்லை, நேயர்களே. நம் உறவினர் பலர் வாழும் மொரீசியஸ் தீவின் கதையைக் கேளுங்கள். அந்தத் தீவுக்கே உரிய சிறு வல்லூறு ஒன்று உண்டு. காடுகள் அழிந்தன, அயலிலிருந்து வந்த கீரியும் எலியும் குரங்கும் கூடுகளைச் சூறையாடின. இவற்றோடு, கொசுவுக்கும் பயிர்ப்பூச்சிக்கும் தெளித்த டி.டி.டி. மருந்தும் சேர்ந்துகொண்டது. 1974-இல் அந்த வல்லூறுகளில் காட்டில் இருந்ததாக அறியப்பட்டவை நான்கே நான்கு. உலகிலேயே மிக அரிய பறவை என்று அதை அப்போது சொன்னார்கள்.

அங்கும் கூண்டில்தான் வளர்த்தார்கள். கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்தார்கள். முட்டையை இழந்த தாய் மறுபடியும் முட்டையிட்டது. குஞ்சுகளைக் காட்டில் விட்டு உணவு வைத்தார்கள். கூடு கட்டப் பெட்டி வைத்தார்கள். பத்தாண்டுக் காலத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள் காட்டுக்குத் திரும்பின. இங்கே வெற்றி கிடைத்ததன் மர்மம் என்ன? முக்கியமான காரணமாகிய டி.டி.டி. தெளிப்பு அதற்குமுன்பே நின்றுவிட்டிருந்தது. பானையின் பெரிய ஓட்டை அடைபட்டிருந்தது. ஊற்றிய நீர் நின்றது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1990-களின் நடுவில் ‘வெற்றி பெற்றோம்’ என்று வளர்ப்புப் பணியை முடித்துக்கொண்டார்கள். காடோ சுருங்கியது சுருங்கியதுதான். எண்ணிக்கை மறுபடியும் குறையத் தொடங்கியது. 2014-இல் அந்த வல்லூறு மீண்டும் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. குழந்தை எழுந்து நின்றதும் கையை விட்டுவிடலாகாது. நடக்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். திருக்கழுக்குன்றம் மலைக்கோவிலைப் பற்றி நம் பாட்டனார் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து, குருக்கள் கையால் அமுதுண்டு போகுமாம். அது கட்டுக்கதையன்று. தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டதுதான். வந்தவை மஞ்சள்முகப் பாறு என்ற ஒருவகைப் பிணந்தின்னிக் கழுகுகள். இன்று அவை வருவதில்லை. 1990-களோடு அந்தக் காட்சி முடிந்துவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் மட்டுமா? 1980-களில் இந்தியாவில் கோடிக்கணக்கான பாறுகள் இருந்தன. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் ஒரு மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிச்சமிருக்கும். அந்தப் பறவைகளில் வெண்முதுகுப் பாறு என்ற இனம், 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று. வேட்டையில்லை, காடழிப்பு இல்லை, பஞ்சமும் இல்லை. பறவைகள் மரக்கிளையில் தலை தொங்கிச் செத்து விழுந்தன. ஏதோ தொற்றுநோய் என்றே பலரும் முதலில் எண்ணினார்கள்.

2004-இல் காரணம் தெரிய வந்தது. மாடுகளுக்கு வலி நீங்கக் கொடுக்கும் டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் அது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது மாடு செத்தால், அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் கெட்டுச் சில நாட்களில் பறவை சாகிறது. எல்லா மாட்டுக்கும் அந்த மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் அது இருந்தாலே இத்தனை பெரிய வீழ்ச்சி வந்துவிடும் என்று கணக்கிட்டார்கள்.

இங்கே பணம் செலவான வரிசையை நாம் கவனிக்க வேண்டும். முதல் செலவு, காரணம் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. இரண்டாவது, மாட்டுக்கு வலி நீக்கி, பாறுக்கு ஊறு செய்யாத மாற்று மருந்தைச் சோதித்துக் காண்பது. மெலாக்சிகம் என்ற மருந்து அப்படிக் கிடைத்தது. மூன்றாவது, சட்டம். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்திய அரசு தடை செய்தது. மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது நிற்கவில்லை என்று தெரிந்தபோது, 2015-இல் பெரிய குப்பிகளுக்கும் தடை வந்தது. அதே தீங்கைச் செய்த வேறு இரண்டு மருந்துகளைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2023-இல் தடை செய்யப்பட்டது. இவற்றோடு கூடவே, ஹரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முயற்சியால் பாறுகளைக் கூண்டில் வளர்க்கும் நிலையமும் நடந்து வருகிறது.

தமிழ்நாட்டில் நீலகிரிக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன. அங்கே பாடுபடுபவர்கள் பறவைக்குச் செய்வதைவிட, மாட்டுக்காரரிடமும் மருந்துக் கடைக்காரரிடமும் கால்நடை மருத்துவரிடமும் போய்ப் பேசுவதுதான் அதிகம். பறவையைக் காக்கும் பணம் மருந்துக் கடை வாசலில் செலவாகிறது! வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விந்தையாகத் தோன்றும். காரணம் எங்கிருக்கிறதோ அங்கேதானே பணம் போக வேண்டும்?

பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து கூடு கட்ட ஐந்தாண்டு ஆகும். ஆகவே கோடிக்கணக்கில் இழந்ததை நம் வாழ்நாளில் திரும்பக் காண்போம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வீழ்ச்சியின் வேகம் குறைந்தது. முற்றாக அழியவேண்டியிருந்தவை நிற்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். கேட்பதும் நியாயமே. ‘மனிதனுக்கே மருந்து வாங்கப் பணமில்லாத நாட்டில் கழுகுக்கு ஏன் ஐயா செலவு?’ என்று கேட்பார்கள். இதற்கு விடையைப் பொருளாதார ஆய்வாளர்களே 2024-இல் தந்தார்கள். பாறுகள் மறைந்த பிறகு செத்த மாடுகள் வெளியில் கிடந்து அழுகின. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடிக்கு இடம் ஏற்பட்டது. நீரும் கெட்டது. பாறுகள் மிகுதியாக இருந்து மறைந்த மாவட்டங்களையும், அவை முன்பே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று கணக்கு வந்தது. அந்த இழப்பின் மதிப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 6,900 கோடி அமெரிக்க டாலர்.

உலகப் பறவைகள் அனைத்துக்கும் ஆண்டுக்கு 123 கோடி டாலர் போதும் என்று சற்றுமுன் சொன்னோம். ஒரு நாட்டில், ஒரு பறவைக் குடும்பத்தை இழந்ததற்கு அதைப்போல் ஐம்பது மடங்குக்கு மேல் விலை கொடுத்திருக்கிறோம். அதுவும் பணமாக அல்ல, உயிராக. பெரும்பாலும் ஏழைகளின் உயிராக. கழுகுக்குச் செய்த செலவு மனிதனுக்குச் செய்த செலவல்லவென்று இனி யார் சொல்ல முடியும்?

சரி, ஓட்டையை அடைப்பது என்றால் எப்போதும் ஆராய்ச்சிக்கூடமும் அரசாணையும்தான் வேண்டுமா? இல்லை. நம் வடக்கு எல்லைக்கு அப்பால், தென் தாய்லாந்தின் பூடோ மலைகளில் நடந்ததைப் பாருங்கள்.

இருவாட்சிப் பறவையைச் செபராங் ஜெயா பறவைப் பூங்காவில் பார்த்திருப்பீர்கள். பெரிய வளைந்த அலகும் அதன்மேல் இன்னோர் அலகு போன்ற கொண்டையும் கொண்டது. அது குடும்பம் நடத்தும் முறை வியப்பானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, ஓர் ஒடுங்கிய துளையை மட்டும் விட்டு வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். பெரிய இருவாட்சியென்றால் மூன்று நான்கு மாதம் உள்ளேயே இருக்கும். அதுவரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து துளை வழியே ஊட்ட வேண்டும். ஆணைச் சுட்டுவிட்டால் தாயும் பிள்ளையும் பட்டினிதான்.

பூடோ மலையடிவாரத்துக் கிராமத்தார் பொந்துகளில் ஏறிக் குஞ்சுகளைத் திருடி விற்று வந்தார்கள். எந்த மரத்தில் எந்த மாதத்தில் குஞ்சு இருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். 1978 முதல் தாய்லாந்தில் இருவாட்சிகளை ஆராய்ந்து வந்த பேராசிரியர் பிலாய் பூன்சுவாட் 1990-களில் அவர்களிடம் சென்றார். அவர் போலீசை அழைத்துப் போகவில்லை. ‘குஞ்சைத் திருட மரம் ஏறும் நீங்களே, அதைக் காக்கவும் கூலி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார். நகரத்து மக்கள் ஒவ்வொருவரும் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணம் கிராமத்துக் காவலருக்குப் போயிற்று. குஞ்சு வெளிவந்ததா இல்லையா என்ற செய்தி பணம் கொடுத்தவருக்குத் திரும்பி வந்தது.

இதில் மூன்று நன்மைகளைக் காண்கிறோம். திருட்டுக்குக் காரணம் வறுமை. வறுமைக்கே மருந்து கிடைத்தது. பறவையை நன்கு அறிந்தவனே காவலன் ஆனான். கொடுத்த பணத்துக்குக் கணக்கும் இருந்தது. நம் நாட்டிலும் பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் காடுகளில், 1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம் ஜஹாய் இன ஓராங் அஸ்லி மக்களை இருவாட்சிக் காவலர்களாகச் சேர்த்துக்கொண்டு பணியாற்றியிருக்கிறது. காட்டையே வீடாகக் கொண்டவர்களைவிடச் சிறந்த காவலர் வேறு யார்?

இனி நம் பினாங்கைப் பார்ப்போம். இங்கே நமக்கு வேலை உண்டா? இரண்டு வேலைகள் உண்டு.

முதலாவதற்குப் பணமே வேண்டியதில்லை. பாராவ் பாராவ் என்று மலாய்க்காரர் சொல்லும் பறவையைச் சிலர் அறிந்திருப்பீர்கள். கொண்டைக்குருவி இனத்தில் பெரியது. தலை வைக்கோல் நிறம். ஆற்றோர மரங்களிலிருந்து அது பாடினால் நின்று கேட்காதவர் இல்லை. அந்தக் குரலே அதற்கு எமனாயிற்று. கூண்டில் வைத்துப் பாட வைப்பதற்காகப் பிடித்துப் பிடித்து, ஜாவாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் காட்டுப் பறவைகள் ஒழிந்தேபோயின. 2018-இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் பனாமாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, காட்டிலிருந்து பிடித்த பாராவ் பாராவைப் பன்னாட்டு வாணிகத்தில் விற்பதற்குத் தடை விதித்தது. அது இன்று நல்ல எண்ணிக்கையில் வாழும் இடங்களுள் ஒன்று எது தெரியுமா? கட்டடங்கள் நிறைந்த சிங்கப்பூர்! குறிப்பாக அதன் உபின் தீவு. அங்கே வலை வீசுவோருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

பாட்டுக்குப் பறவை வளர்ப்பது நம் வட்டாரத்தில் பல இனத்தாருக்கும் பழகிப்போன பொழுதுபோக்கு. அதைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் காட்டிலிருந்து பிடித்து வந்த பறவையை வாங்குவதில்லை என்று ஒவ்வொரு வீட்டாரும் உறுதி எடுத்துக்கொண்டால், அதைவிட மலிவான காப்பு நடவடிக்கை வேறில்லை. வாங்குபவர் இல்லையென்றால் பிடிப்பவரும் இல்லை. இங்கே ஓட்டை நம் கையிலேயே இருக்கிறது. அடைப்பதும் நம் கையில்தான்.

இரண்டாவது வேலை பட்டர்வொர்த்துக்கு வடக்கே இருக்கிறது. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து பினாகா வழியாகக் கோலா மூடா வரையுள்ள கரை அது. நீர் வற்றும்போது போய்ப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறு. ‘இதனால் என்ன பயன்? மண் கொட்டி மேடாக்கினால் வீடாவது கட்டலாமே’ என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் அந்தச் சேற்றுக்குள் சிப்பியும் புழுவும் நண்டும் நிறைந்திருக்கின்றன. சைபீரியாவின் குளிருக்குத் தப்பி வரும் கரைப்பறவைகள் ஆண்டுதோறும் அங்கே இறங்கி உண்கின்றன. அழியும் ஆபத்திலுள்ள பெருங்கோட்டான், பச்சைக்காலி வகைகளும் அவற்றில் உண்டு. கரைப்பறவைகளின் பயணம் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: 2022-இல் மூக்கான் வகைப் பறவை ஒன்று அலாஸ்காவில் புறப்பட்டு, 11 நாள் இடைவிடாமல் பறந்து, 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. நெடுந்தொலைவு செல்லும் இவ்வகைப் பறவைகளுக்கு வழியில் உள்ள ஒவ்வொரு சேற்றுவெளியும் ஒரு சத்திரம். சத்திரத்தை இடித்துவிட்டு, பயணிக்கு வேறிடத்தில் எவ்வளவு பணம் செலவழித்தாலும் என்ன பயன்?

நம் கரையைப் பன்னாட்டுப் பறவைக் காப்பு அமைப்பினர் முக்கியப் பறவைத் தலமாகக் குறித்திருக்கிறார்கள். குறிப்பது பெருமைதான். ஆனால் அந்தக் குறிப்புக்குச் சட்டத்தின் வலிமை கிடையாது. இதே பறவைகள் வழியில் தங்கும் மஞ்சள் கடற்கரையில் மண்கொட்டி மேடாக்குவது பல்லாண்டுகள் நடந்தது. 2018-இல் வணிக நோக்கத்துக்காகக் கடலைத் தூர்ப்பதைச் சீன அரசு நிறுத்தியது. சேற்றுவெளி ஒருமுறை போய்விட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் திரும்ப உண்டாக்குவது அரிது. இருப்பதை இருக்க விடுவதற்கோ, எல்லை வகுத்துக் காக்கும் முடிவு ஒன்றே பெரிதும் வேண்டும். அந்தச் சேற்றில்தான் நம் சந்தைக்கு வரும் கெராங் சிப்பியும் விளைகிறது, இறாலும் வளர்கிறது, மீனவர் அடுப்பும் எரிகிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இவ்வளவும் கேட்ட நீங்கள், ‘பறவைகளுக்காக யாரேனும் நன்கொடை கேட்டு வந்தால் கொடுக்கலாமா, கூடாதா?’ என்று கேட்கலாம். கொடுங்கள். ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் பறவை எதனால் குறைகிறது? நாங்கள் தரும் பணம் அந்தக் காரணத்தைத் தடுக்கப் போகிறதா, அல்லது விளைவை மட்டும் துடைக்கப் போகிறதா?

இரண்டாவது கேள்வி: பறவை வாழும் இடத்திலேயே வாழும் மக்களுக்கு, அந்த மீனவருக்கும் மாட்டுக்காரருக்கும் காட்டுவாசிக்கும் இதில் பங்கு உண்டா? அவர்கள் கைகொடுக்காத காப்பு நீண்ட நாள் நிற்பதில்லை.

மூன்றாவது கேள்வி: ஐந்தாண்டு கழித்து எண்ணிக் காட்டுவீர்களா? எத்தனை கூட்டம் நடத்தினீர்கள், எத்தனை சுவரொட்டி ஒட்டினீர்கள் என்ற கணக்கு நமக்கு வேண்டாம். பறவை கூடியதா, குறைந்ததா என்ற கணக்குத்தான் வேண்டும்.

எண்ணுவதில் நாமும் பங்குகொள்ளலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தொண்டர்கள்தாம் அதைச் செய்கிறார்கள். ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, சேற்றோரத்தில் நிற்கும் பொறுமை, இவை போதும். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவர்களை ஒருமுறை தெலுக் ஆயர் தாவார்க் கரைக்கு அழைத்துப் போகட்டும். பறவையைக் காக்கக் காசு திரட்டுவதற்குமுன், பிள்ளைகள் அந்தப் பறவையைக் கண்ணால் காணட்டும். கண்ட பிறகு அதன் சத்திரத்தை இடிக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

திருக்கழுக்குன்றத்துக் குருக்களின் முன்னோர் அன்னம் வைத்துக் காத்திருந்தார்கள், பறவைகள் வந்தன. ஒரு நாள் அன்னம் இருந்தது, பறவைகள் வரவில்லை. அன்னத்தில் குறையில்லை. குறை வேறெங்கோ இருந்தது. அந்த வேறெங்கோ என்பதைத் தேடிக் கண்டு சரிசெய்வதற்குத்தான் நம் பணமும் உழைப்பும் போக வேண்டும்.